சீடியாவும் கிரெட்டாவும் ஒரே வாசலில்

எங்கள் வீட்டு வாசலில் இரண்டு கார் நிற்கிறது. ஒன்று 2008 மாடல் மிட்சுபிஷி லான்சர் சீடியா. இன்னொன்று 2024ல் எடுத்த ஹூண்டாய் கிரெட்டா. இரண்டும் பெட்ரோல், இரண்டும் கையால் கியர் மாற்றுகிற வண்டி, இரண்டுக்கும் குதிரைசக்தி 115. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம்கூட ஒன்றில் 2600 மில்லிமீட்டர், மற்றதில் 2610. காகிதத்தில் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். சாவியைப் போட்டுக் கிளப்பினால் ஒன்றுக்கும் மற்றதுக்கும் சம்பந்தமே இல்லை என்று தெரியும்.

"புதுசுதான் வந்துடுச்சே, பழசை இன்னும் எதுக்கு வெச்சிருக்கே?" என்று கேட்காத ஆள் வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் பாக்கி இல்லை. சொந்தக்காரர்களும் கேட்டாயிற்று. நின்றபடி பதில் சொன்னால் இரண்டு வரியில் முடிக்க வேண்டியிருக்கிறது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு இரண்டு வண்டியின் மேலும் மரியாதை உண்டு. ஆனால் இரண்டும் யாருக்காகச் செய்யப்பட்டவை என்பது வேறு வேறு. குதிரைசக்திக் கணக்கு அதைச் சொல்லாது, ஷோரூமில் கொடுக்கும் வழவழப்பான காகிதமும் சொல்லாது. கார் வாங்கும் யோசனையில் இருப்பவர்களுக்கு இது உதவும் என்று நம்புகிறேன்.

சீடியாவைச் சாலையில் பார்த்தே இராத பிள்ளைகள் இப்போது லைசென்ஸ் எடுக்க வந்துவிட்டார்கள், அதனால் கொஞ்சம் முன்கதை. அம்பாசடர் செய்த அதே இந்துஸ்தான் மோட்டார்ஸ், 1998ல் திருவள்ளூரில் தொழிற்சாலை போட்டு மிட்சுபிஷி லான்சரைச் செய்ய ஆரம்பித்தது. 2006ல் அங்கிருந்தே லான்சர் சீடியா வந்தது. இரண்டு லிட்டர் இன்ஜின், ஐந்து கியர். 2001ல் ஜப்பானில் வந்த லான்சர் எவல்யூஷன் 7 இந்தச் சீடியாவின் அடித்தளத்தின் மேல் கட்டியதுதான். அதற்கு முந்தைய எவல்யூஷன்களை ஓட்டித்தான் ஃபின்லாந்துக்காரர் டாமி மாகினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலக ராலி சாம்பியன் ஆனார். எவல்யூஷனின் டர்போ, நான்கு சக்கர இழுவை எல்லாம் நம் ஊருக்கு வந்த சீடியாவில் கிடையாது. ஆனால் எலும்பும் மூட்டும் அந்தக் குடும்பத்தினுடையவை. இந்திய ராலிகளில் எம்ஆர்எஃப் அணி சீடியாவை வருடக்கணக்கில் ஓட்டியது. எம்ஆர்எஃப் என்றதும் அரக்கோணம் பக்கத்து டயர் ஃபேக்டரி ஞாபகத்துக்கு வரும் எங்கள் பழைய வட ஆற்காட்டுக்காரர்களுக்கு அதில் ஒரு தனி சந்தோஷம்.

நான்கு கதவு வைத்த வண்டியை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். நான் சொல்வேன். இரண்டு சீட்டு, திறக்கும் கூரை என்று இலக்கணப்படி வந்த ஸ்போர்ட்ஸ் கார் நம் நாட்டில் சாதாரணச் சம்பளக்காரர் கைக்கு எட்டியதே அபூர்வம். கோவாவில் செய்த சான் ஸ்டார்ம் ஒன்று இருந்தது. அழகான சின்ன வண்டி, ஆனால் அதில் இருந்தது 1.2 லிட்டர் ரெனோ இன்ஜின், 60 குதிரைசக்தி. அதனால் எங்கள் வயசுக்காரர்களுக்கு ஸ்போர்ட்ஸ் கார் என்றால் சீடியா, ஃபியட் பேலியோவின் 1.6 லிட்டர் மாடல், ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் இவைதான். குடும்பத்தையும் ஏற்றிக்கொள்ளும், ஆனால் ஓட்டுகிறவரை மனதில் வைத்துச் செய்த வண்டிகள். சீடியாவில் 'ஸ்போர்ட்ஸ்' என்ற பெயரிலேயே ஒரு மாடலும் வந்தது.

கிரெட்டாவுக்கு முன்கதை தேவையில்லை, சிக்னலில் நின்று திரும்பினால் ஒன்று நிற்கும். 2015ல் முதலில் வந்தது, 2020ல் புது உருவம், 2024 ஜனவரியில் முகம் மாற்றி வந்தது. எங்களுடையது அந்தக் கடைசி வகை. செய்யும் இடம் இருங்காட்டுக்கோட்டை. ஆக இரண்டு வண்டியும் வேலூரிலிருந்து ஒரு காலைப் பொழுதில் போய்வரும் தூரத்தில் பிறந்தவைதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 115 என்று இரண்டிலும் எழுதியிருக்கிறது. அந்த 115 எப்போது வந்து சேர்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். சீடியாவில் இன்ஜின் நிமிடத்துக்கு 5250 சுற்று சுற்றும்போது வருகிறது, கிரெட்டாவில் 6300 சுற்றில். இழுவிசை சீடியாவில் 4250 சுற்றில் 175 நியூட்டன் மீட்டர், கிரெட்டாவில் 4500 சுற்றில் 144. இரண்டு லிட்டருக்கும் ஒன்றரை லிட்டருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். பெரிய இன்ஜின் பதறாமல் கொடுப்பதைச் சின்ன இன்ஜின் வேகமாகச் சுற்றித்தான் கொடுக்க முடியும்.

பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி ஆம்பூர் பக்கம் போகும்போது இதைக் காலிலேயே உணரலாம். முன்னால் இரண்டு லாரி பக்கத்தில் பக்கத்தில் போய்க்கொண்டிருக்கும். ஒன்று விலகி வழி கிடைத்ததும் சீடியாவில் நாலாவது கியரிலேயே அழுத்தினால் போதும், வண்டி அப்படியே எழும்பிப் போகும். கிரெட்டாவில் ஐந்திலிருந்து மூன்றுக்கு இறக்க வேண்டும். இறக்கினால் அதுவும் தயங்காமல் போகும், இன்ஜின் சத்தம் மட்டும் ஏறும். அதைக் குறை என்று சொல்ல மாட்டேன், அந்த இன்ஜின் வேலை செய்யும் முறை அது. அதற்குப் பதிலாகப் பெட்ரோலில் மிச்சம் பிடித்துக் கொடுக்கிறது. கம்பெனிக் கணக்கில் கிரெட்டா லிட்டருக்கு 17.4 கிலோமீட்டர். என் காலுக்கு, ஊரும் ஹைவேயும் கலந்து, 13, 14 வருகிறது. சீடியா வேலூர் டவுனுக்குள் எட்டு ஒன்பதைத் தாண்டாது. ஹைவேயில் மெதுவாகப் போனால் 12 வரும். மெதுவாகப் போக எனக்கு மனசு வருவதில்லை.

நேர் ரோட்டில் இவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு வண்டியின் குணமும் முழுசாகத் தெரிய வேண்டும் என்றால் ஏலகிரிக்குப் போக வேண்டும்.

வாணியம்பாடியில் ஹைவேயை விட்டு திருப்பத்தூர் ரோட்டில் இறங்கி, பொன்னேரி வந்து மலை ஏறினால் பதினான்கு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பாவேந்தர், பாரதியார், திருவள்ளுவர், இளங்கோ, கம்பர், கபிலர், ஔவையார் என்று புலவர்கள் ஒரு பாதி. பாரி, காரி, ஓரி, ஆய், அதியமான், நள்ளி, பேகன் என்று வள்ளல்கள் மறு பாதி. வளைவுக்கு வளைவு பெயர்ப்பலகை பார்த்துக்கொண்டே ஏறுவது சின்ன வயசில் எங்களுக்கு ஒரு விளையாட்டு. இப்போது என் மகள் அதே விளையாட்டை ஆடுகிறாள்.

சீடியாவில் இந்த மலையை விடியற்காலையில் ஏற வேண்டும், சுற்றுலா வேன்கள் வருவதற்கு முன். வளைவுக்கு முன்னால் பிரேக், இரண்டாவது கியர், ஸ்டியரிங்கைத் திருப்பும்போதே முன் சக்கரம் தாரைப் பிடிப்பது உள்ளங்கையில் தெரியும். இதை நான் அழகுக்காகச் சொல்லவில்லை. சீடியாவில் ஸ்டியரிங்குக்கு உதவுவது ஹைட்ராலிக் எண்ணெய். சக்கரத்தில் நடப்பது அந்தக் கம்பி, எண்ணெய், தண்டு வழியாகக் கைக்கு வந்து சேரும். மணல் படிந்த தார் என்றால் ஸ்டியரிங் கொஞ்சம் லேசாகும். டயர் பிடி விடப்போகிறது என்றால் முன்னாலேயே கை சொல்லிவிடும், கண் பிறகுதான் பார்க்கும். வளைவின் பாதியில் ஆக்ஸிலேட்டரை லேசாக விட்டால் பின்பக்கம் கொஞ்சம் உள்ளே திரும்பி, வண்டி தானாக வளைவை முடித்துக் கொடுக்கும். வெளியே வரும்போது இரண்டாவது கியரிலேயே முழுசாக அழுத்தலாம். அடுத்த வளைவு வரும்வரை ஒரு சின்ன நேர் ரோடு, அப்புறம் மறுபடி பிரேக். மேலே போய்ச் சேரும்போது கை வியர்த்திருக்கும், மனசு லேசாகியிருக்கும்.

அதே ரோட்டில் கிரெட்டா வேறு ஆள். ஓட்டுகிறவர் உட்காரும் இடம் உயரம், அதனால் அடுத்த வளைவில் என்ன வருகிறது என்று முன்கூட்டியே தெரிகிறது. இறங்கி வரும் பஸ்ஸின் கூரை மேல் வளைவிலேயே கண்ணில் பட்டுவிடும். ஸ்டியரிங் ஒரு விரலில் திரும்பும், மின்மோட்டார் உதவுகிறது. ஆனால் ரோட்டில் மணலா, ஈரமா, நல்ல தாரா என்பதைக் கை சொல்லாது, கண்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். வேகமாக வளைத்தால் வண்டி வெளிப்பக்கம் சாயும். 1635 மில்லிமீட்டர் உயரமுள்ள வண்டி சாயாமல் என்ன செய்யும்? கெட்டியாகச் சாய்ந்து நிற்கும், பயமுறுத்தாது. ஆனால் பின் சீட்டில் இருப்பவர்கள் கைப்பிடியைத் தேடுவார்கள். அதனால் கிரெட்டாவில் ஏலகிரி ஏறும்போது நான் மெதுவாகவே போகிறேன், ஜன்னல் இறக்கி, பாட்டு வைத்து, பெயர்ப்பலகை படித்துக்கொண்டு. அதுவும் நல்ல பயணம்தான். அந்தப் பயணத்தில் ஓட்டுவது என் வேலை. சீடியாவில் ஓட்டுவதுதான் பயணமே.

இந்த வித்தியாசத்துக்குப் பெரிய காரணம் பின்பக்கத்துச் சஸ்பென்ஷன், அதாவது சக்கரத்தை வண்டியோடு பிணைத்துக் குலுக்கலைத் தாங்கும் அமைப்பு. கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் வாங்கும்போது யாரும் இதைப் பார்ப்பதில்லை. சீடியாவில் பின் சக்கரம் ஒவ்வொன்றும் ஆர்ம் என்ற தனித்தனி இரும்புக் கைகளில் தொங்குகிறது, மல்டிலிங்க் என்பார்கள். இடது சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் வலது சக்கரத்துக்குச் செய்தி போகாது. அது தன் பாட்டுக்குத் தாரைப் பிடித்துக்கொண்டிருக்கும். கிரெட்டாவில் இரண்டு பின் சக்கரத்தையும் ஒரு முறுக்குத் தண்டு சேர்த்துப் பிடித்திருக்கிறது. இந்த ரகத்து எஸ்யூவிகளில் பெரும்பாலானவற்றில் இதே அமைப்புதான். செலவு குறைவு, இடம் அடைக்காது, டிக்கி பெரிதாகக் கிடைக்கும், வருஷக்கணக்கில் பிரச்சினை தராது. ஆனால் ஒரு சக்கரத்துக்கு அடி விழுந்தால் மற்றதும் அதில் பங்கு எடுத்துக்கொள்ளும். ஆலங்காயம் பக்கத்து ரோடுகளில் தார் ஓரம் ஒரு பக்கம் மட்டும் பிய்ந்து கிடக்கும். அங்கே வளைவில் ஒரு பக்கச் சக்கரம் அந்தப் பிசிறில் இறங்கினால் இரண்டு வண்டிக்கும் உள்ள வித்தியாசம் முதுகுக்குத் தெரியும்.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. 2006ல் ஒரு நடுத்தரக் குடும்பம் நீட்டிப் பிடித்தால் எட்டக்கூடிய வண்டியில் தனித்தனிப் பின் சஸ்பென்ஷன் கிடைத்தது. இன்றைக்கு அதைவிட எவ்வளவோ கூடக் கொடுக்கிறோம். அந்தப் பணம் அகலமான திரைக்கும், கூரைக் கண்ணாடிக்கும், கலர் கலராக மாறும் உள்விளக்குக்கும் போகிறது. வாங்குகிறவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள், கம்பெனிகள் அதைத்தான் கொடுக்கும். டெஸ்ட் டிரைவ் என்று வேலூர் கிரீன் சர்க்கிள் ரவுண்டானாவைச் சுற்றி ஒரு ரவுண்டு வந்துவிட்டுச் செக் எழுதுகிறோம். ஷோரூம்காரரிடம் கொஞ்சம் கெஞ்சிக் கேட்டாவது ஒரு மலை ரோட்டிலோ, மோசமான கிராமத்து ரோட்டிலோ ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். திரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த பக்கத்தையும் அதே அக்கறையோடு சொல்ல வேண்டும். கிரெட்டா வந்ததற்கு முதல் காரணம் அம்மாவின் முழங்கால்.

சீடியாவின் சீட் தாழ்வு. அம்மா அதில் ஏறுவது எப்படி என்றால், முதலில் கதவை முழுசாகத் திறந்து, முதுகைக் காட்டி நின்று, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, மெல்ல இறங்கி, கடைசி ஒரு சாணைத் தொப்பென்று விழுந்து கடப்பார். இறங்கும்போது இதையே திருப்பிச் செய்ய வேண்டும். நான் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்க வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் பின்னால் ஆட்டோக்கள் ஹாரன் அடிக்கும்போது அம்மா படும் அவசரத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும். கிரெட்டாவின் சீட் அம்மாவின் இடுப்பு உயரத்துக்கு நேராக இருக்கிறது. கதவைத் திறந்து, அப்படியே ஒருக்களித்து உட்கார்ந்து, காலை உள்ளே இழுத்துக்கொள்கிறார். யார் கையும் தேவையில்லை. முதல் நாள் உட்கார்ந்ததுமே, "இதுல திருப்பதி வரைக்கும் போலாம்டா" என்றார். சீடியா இருந்த வருஷங்களில் திருப்பதிக்கு ரயிலில்தான் போவோம். இப்போது காட்பாடி, சித்தூர் வழியாகக் காரில் போகிறோம். மலை இறங்கும்போது அம்மா பின் சீட்டில் தூங்கிவிடுகிறார். இதற்கு நிகராகச் சீடியாவிடம் ஒன்றும் இல்லை.

இரண்டாவது காரணம் பாதுகாப்பு. இந்தக் கிரெட்டாவில் அடிமட்ட மாடலிலிருந்தே ஆறு ஏர்பேக். சறுக்கினால் ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகப் பிரேக் பிடித்து வண்டியை நேராக்கும் ஈஎஸ்சி இருக்கிறது. ஐந்து பேருக்கும் தோளோடு சேர்ந்த பெல்ட் இருக்கிறது. சீடியா வந்த காலத்தில் இவையெல்லாம் பென்ஸ் போன்ற வண்டிகளின் சமாச்சாரம். ராணிப்பேட்டைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவே ஹைவேயை அகலப்படுத்தும் வேலை வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்தபோது, திடீர் திடீரென்று வழி மாறும் அந்த ரோட்டில் மழை இரவில் ஓட்டியவர்களுக்கு ஈஎஸ்சி என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. நான் தனியாக இருக்கும்போது என் கையை நம்புவேன். மகள் பின்னால் இருக்கும்போது எனக்கு அந்த ஆறு ஏர்பேக்கும் வேண்டும். இதில் எனக்கு இரண்டு மனசு இல்லை.

மூன்றாவது மழை. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தது பலருக்கும் நினைவிருக்கும். வருஷக்கணக்கில் மணலாகக் கிடந்த ஆறு கரை தொட்டு ஓடியது, பாலத்தின் மேல் நின்று ஊரே வேடிக்கை பார்த்தது. ஆற்றைப் பார்த்ததில் எல்லாருக்கும் சந்தோஷம், ஆனால் சர்வீஸ் ரோடுகளிலும் தெருக்களிலும் தண்ணீர் தேங்கி நின்றது. சீடியா வாசலை விட்டு நகர முடியவில்லை. தரையிலிருந்து அதன் அடிவயிறு அவ்வளவு பக்கம். வேகத்தடை ஏறும்போதே ஐந்து பேர் இருந்தால் கோணலாகத்தான் ஏற்ற வேண்டும். கிரெட்டாவுக்குத் தரையிலிருந்து 190 மில்லிமீட்டர். கணுக்கால் தண்ணீருக்கெல்லாம் யோசிக்காமல் போகலாம்.

இரவு வெளிச்சத்தையும் சொல்ல வேண்டும். காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்கே இருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986லிருந்து வேலை செய்கிறது. வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளை ஒரு தடவையாவது அழைத்துப் போக வேண்டிய இடம். நட்சத்திரம் பார்க்கத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், அதனால் சுற்றிலும் இருட்டு. ஜவ்வாது மலைக் காட்டு ரோட்டில் திரும்பி வரும்போது சீடியாவின் மஞ்சள் ஹாலஜன் விளக்கு ரோட்டின் நடுவை மட்டும் காட்டும். கிரெட்டாவின் எல்இடி ஓரத்துப் புதரையும் சேர்த்துக் காட்டுகிறது. மாடோ மானோ நின்றால் முன்னாலேயே தெரிகிறது. இரவுப் பயணம் என்றால் நான் சீடியாவின் சாவியைத் தொடுவதே இல்லை.

இனி பழைய வண்டியை வைத்துக்கொள்ள என்ன ஆகும் என்ற கணக்கு. சீடியா தயாரிப்பு நின்று வெகுநாள் ஆயிற்று. திருவள்ளூரில் அது பிறந்த வளாகத்தில் இப்போது சிட்ரோயன் கார்கள் தயாராகின்றன. ஷோரூமில் போய் நின்று பார்ட்ஸ் கேட்கிற காலம் போய்விட்டது. பழைய பார்ட்ஸ் கடைகள் இருக்கும் சென்னை புதுப்பேட்டைதான் கதி. கண்ணாடி, கதவுக் கைப்பிடி, விளக்கு, சில சமயம் முழு கியர்பாக்ஸ்கூடக் கிடைக்கும். அங்கே கடைக்காரர்கள் பார்ட்டைப் பார்த்ததும் எந்த வருஷத்து லான்சர் என்று சொல்லிவிடுவார்கள். ரப்பர் சாமான் மட்டும் பழசு வாங்கக் கூடாது, புதுசாகத் தேடிப் பிடிக்க வேண்டும்.

எங்கள் மெக்கானிக் காட்பாடி ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் ஒரு பாய். லான்சர் காலத்திலிருந்து இந்த இன்ஜின்களில் கை வைத்தவர். சீடியாவின் பின்பக்கம் கொஞ்ச நாளாக வளைவில் தள்ளாடுகிறது என்று சொன்னதும், வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஆர்முக்கும் அதன் மூட்டில் இருக்கும் புஷ் என்ற ரப்பர் வளையத்துக்கும் நடுவே ஒரு நெம்புகோலை விட்டு லேசாக அசைத்தார். டார்ச் அடித்துக் காட்டினார். ரப்பரில் நகக்கீறல் மாதிரி ஒரு வெடிப்பு, கோலை நெம்பும்போது வாய் திறந்து மூடுகிறது. "பாருங்க தம்பி, இரும்பு எல்லாம் நல்லா இருக்கு. ரப்பருக்குத்தான் வயசாயிடுச்சு. எல்லாத்தையும் ஒரே தடவையா மாத்திடுங்க, ஒண்ணு ஒண்ணா மாத்தினா மறுபடி மறுபடி வருவீங்க" என்றார். மாற்றினேன். மல்டிலிங்க் என்றால் ஆர்ம் அதிகம், ஆர்ம் அதிகம் என்றால் புஷ் அதிகம். நல்ல சஸ்பென்ஷனுக்கு நாம் கொடுக்கும் விலை அதுதான். அந்தச் செலவை முகம் சுளிக்காமல் கொடுக்கிறேன், ஏனென்றால் மாற்றிய மறுநாள் காலை ஓட்டியபோது வண்டி மறுபடி வாலிபமாக இருந்தது.

இன்ஜின் வால்வுகளை நேரம் தப்பாமல் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் இன்னொன்று. இந்த இன்ஜினில் இருப்பது சங்கிலி இல்லை, பெல்ட். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் வருஷம் ஆனால் மாற்ற வேண்டும். அறுந்தால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும், உள்ளே வால்வுகள் அடிபடும் அபாயமும் உண்டு. பெல்ட் மாற்றும்போது அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரையும் வாட்டர் பம்ப்பையும் சேர்த்து மாற்றிவிடுவது புத்திசாலித்தனம், கழற்றும் கூலி மிச்சம்.

பெட்ரோலிலும் இப்போது கவனம் தேவை. 2025 வாக்கில் பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலே பொதுவாகிவிட்டது. கிரெட்டா போன்ற புது வண்டிகள் அதற்கென்றே செய்தவை. 2008 வண்டியின் பெட்ரோல் ஹோஸ்களும் சீல்களும் அதை நினைத்துச் செய்தவை அல்ல. அதனால் பாய் சொன்னபடி ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றினேன். வண்டியை வாரக்கணக்கில் டேங்க்கில் பழைய பெட்ரோலோடு நிறுத்தி வைப்பதில்லை. இது முக்கியம். பழைய வண்டி ஓடாமல் நின்றால்தான் கெடும்.

அப்புறம் ஆர்டிஓ ஆபீஸ். பதினைந்து வருஷம் முடிந்ததும் எஃப்சி பார்த்து ஆர்சியை ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் கார்களுக்கு இந்தக் கட்டணம் 600லிருந்து 5000 ரூபாய் ஆனது. பசுமை வரி தனி. எங்கள் சீடியா 2023ல் புதுப்பித்தது, புகைப் பரிசோதனையில் நல்லபடியாகத் தேறியது. பழைய வண்டி என்றாலே புகை கக்கும் என்று நினைப்பவர்கள் அந்தக் காகிதத்தைப் பார்க்க வேண்டும். வருஷத்தை மட்டும் வைத்து வண்டியை ஒதுக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. எப்படிப் பராமரித்திருக்கிறார்கள் என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலைக்குக் கொஞ்ச தூரத்திலேயே 1990லிருந்து மெட்ராஸ் மோட்டார் ரேஸ் ட்ராக் இருக்கிறது, சுற்று 3.7 கிலோமீட்டர். பெங்களூர் ஹைவேயில் தினமும் போகிறவர்களில் பாதிப் பேருக்கு அங்கே ஒரு ரேஸ் ட்ராக் இருப்பது தெரியாது. ட்ராக் டே வைக்கும்போது சொந்த வண்டியை எடுத்துப் போய் ஓட்டலாம். ஹெல்மெட் போட்டு, வண்டியைப் பரிசோதித்துத்தான் உள்ளே விடுவார்கள். சீடியாவை அங்கே ஓட்டிய பிறகுதான் இந்த வண்டி எதற்காகச் செய்யப்பட்டது என்று எனக்கு முழுசாகப் புரிந்தது. ஹைவேயில் வேகமாகப் போகும் ஆசையும் அதோடு விட்டுப்போனது. எதிரே மாடு வராத, யாரும் குறுக்கே கடக்காத இடத்தில் வண்டியின் எல்லை என்னவென்று தெரிந்துகொண்டால், ரோட்டில் அதைத் தேட வேண்டியதில்லை. வேகம் பிடித்த பையன்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து அவர்களை அங்கே அனுப்புங்கள். ஏலகிரி ரோட்டிலும் ஆம்பூர் ஹைவேயிலும் வேண்டாம்.

கேட்டவர்களுக்கெல்லாம் என் பதில் இது. வீட்டுக்கு ஒரே கார்தான் முடியும் என்றால் எஸ்யூவியை வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். வயசானவர்களும் குழந்தைகளும் அதில் சுகமாகப் போவார்கள், பத்திரமாகப் போவார்கள். ஏற்கெனவே ஒரு நல்ல பழைய வண்டி வீட்டில் இருந்து, அதை நிறுத்த இடமும் வருஷத்துக்கு ஒரு தொகையும் ஒதுக்க முடிந்தால், பழைய இரும்பு விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது மாதிரி இனி வராது. குடியாத்தத்திலிருந்து ஒருவர் நல்ல விலைக்கே கேட்டார், கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மனைவிக்கும் அதில் சம்மதம்தான். மகளுக்கு லைசென்ஸ் வயசு வந்ததும் கியர் வண்டியை இதில்தான் பழக வேண்டும் என்று மனைவி சொல்கிறாள்.

யாராவது பழைய சீடியா வாங்கப் போகிறீர்கள் என்றால், பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று பில்லோடு கேளுங்கள். வண்டியைத் தூக்கிப் பின் ஆர்ம் புஷ்களை நெம்பிப் பாருங்கள். ஆர்சி புதுப்பித்தாயிற்றா, எத்தனை வருஷம் பாக்கி இருக்கிறது என்று பாருங்கள். மே மாத மத்தியான வெயிலில் ஏசியைப் போட்டு அரை மணி நேரம் வேலூர் டவுனுக்குள் ஓட்டுங்கள், இன்ஜின் சூட்டு முள் நடுவைத் தாண்டக் கூடாது. இவ்வளவும் சரியாக இருந்தால் விலையில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் எடுத்துவிடுங்கள். பட்டறை விலாசம் வேண்டுமென்றால் நானே கூட வந்து காட்டுகிறேன்.